முறையிடும் உரிமை

ஒருவரை அடிப்பது குற்றம். அடிபட்டவர் எத்தொழில் செய்பவர், எத்தகைய ஒழுக்கமுடையவர் என்று சட்டம் கேட்பதில்லை. ஆயினும் சட்டப் புத்தகத்துக்கும் பொலிஸ் நிலையத்து மேசைக்கும் இடையேயுள்ள தூரம் சிறிதன்று. உடலை விற்றுப் பிழைக்கும் பெண்ணொருத்தி, முகத்திலே காயத்தோடு நள்ளிரவில் அந்த மேசையின் முன் வந்து நின்றால், "உன்னை அடித்தவன் யார்?" என்பது முதல் வினாவாக இருப்பது அரிது. "அந்த நேரத்தில் அங்கே உனக்கு என்ன வேலை?" என்பதே பெரும்பாலும் முதல் வினா. அதற்கு அவள் மெய்யான விடை கூறினால், முறைப்பாட்டுக்காரியாக வந்தவள் குற்றஞ்சாட்டப்பட்டவளாகி நிற்க நேரும். பொய்யான விடை கூறினால் அவளது வழக்கு நீதிமன்றத்தில் நில்லாது. ஆகவே அவள் வருவதில்லை. அவள் வரமாட்டாள் என்பதை அவளை அடிப்பவனும் நன்கு அறிவான். அவனுடைய துணிவுக்கு ஆதாரம் அதுவே.

இம்முடிச்சை அவிழ்ப்பது எவ்வாறு என்பது பற்றி உலகிற் பல கொள்கைகள் உள. விலை கொடுப்பவனைத் தண்டிக்க வேண்டுமென்று சுவீடன் நாடு 1999இல் சட்டம் செய்தது. தொழிலையே குற்றப் பட்டியலிலிருந்து நீக்கி நியூசிலாந்து 2003இல் சட்டம் செய்தது. இவற்றுள் எது சரி என்னும் வாதம் முடியவில்லை. விரைவில் முடியும் என்று எண்ணவும் இடமில்லை. அதுவரையில் அடிபடுகிறவள் காத்திருக்க வேண்டுமா என்பது வேறொரு வினா. பாராளுமன்றத்தை எதிர்பாராமல், நாட்டுச் சட்டத்தில் ஓரெழுத்தையும் மாற்றாமல், அந்த இரண்டாவது வினாவுக்கு விடைகாண முயன்ற நகரமொன்று உண்டு. இங்கிலாந்தின் வடமேற்கிலே, மேர்சி ஆறு கடலோடு கலக்குமிடத்தில் அமைந்த துறைமுக நகராகிய லிவர்ப்பூலே அது.

அந்நகரம் செய்ததன் பெறுமதியை அறிய, முதலில் அந்நாட்டுச் சட்டத்தின் நிலையை அறிதல் வேண்டும். இங்கிலாந்திலே வயதுவந்த ஒருவர் பணத்துக்காக உடலுறவு கொள்வது தன்னளவிற் குற்றமன்று. ஆனால் அதனைச் சூழ்ந்துள்ள ஏறத்தாழ எல்லாமே குற்றம். தெருவில் நின்று ஆடவரை அழைப்பதை 1959ஆம் ஆண்டின் தெருக் குற்றச் சட்டம் தடுத்தது. மோட்டார் வண்டியில் மெல்ல ஊர்ந்து வந்து பெண்களை விலை பேசுவதை 1985ஆம் ஆண்டுச் சட்டமொன்று தடுத்தது. விபசார விடுதி நடத்துவது 1956ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி குற்றம். இவற்றுள் கடைசியாகக் கூறப்பட்டது நுணுகி நோக்கத்தக்கது. ஒரே வீட்டில் இரு பெண்கள் இத்தொழிலைச் செய்தால் அவ்வீடு விடுதியாகக் கொள்ளப்படும். தனியே இருப்பவளுக்கு ஆபத்து மிகுதி. துணையொருத்தியோடு இருந்தால் ஆபத்துக் குறையும், ஆனால் குற்றம் வந்து சேரும். விடுதி நடத்துவோர்க்கு ஏழாண்டு வரை சிறைத் தண்டனை விதிக்கலாம் என்று 2003ஆம் ஆண்டுச் சட்டம் மேலும் கடுமை கூட்டிற்று. பெண்களைத் தனிமைப்படுத்த வேண்டுமென்று எண்ணி எவரும் இதனை இயற்றினார் என்று கூறுவதற்கில்லை. விளைவு மட்டும் அவ்வாறாயிற்று.

1959ஆம் ஆண்டுச் சட்டத்தில் இன்னொரு விசித்திரமும் இருந்தது. அச்சட்டம் "பொது விலைமகள்" என்னும் சொற்றொடரையே பயன்படுத்திற்று. தெருவில் நின்ற பெண்ணைப் பொலிசார் இருமுறை எச்சரிப்பர். மூன்றாம் முறை பிடிபட்டால் அவள் அப்பெயரோடு நீதிமன்றத்துக்குக் கொண்டுவரப்படுவாள். திருடன் ஒருவனை விசாரிக்கும்போது, அவன் முன்பு திருடியவன் என்பதைத் தீர்ப்புக்கு முன் நீதவானுக்குச் சொல்லலாகாது என்பது அக்காலத்து ஆங்கில நீதிமுறையின் பெருமை. இந்தப் பெண்ணுக்கோ குற்றப்பத்திரத்தின் முதல் வரியிலேயே பெயர் சூட்டப்பட்டுவிடும். 2009ஆம் ஆண்டிலே பாராளுமன்றம் அச்சொற்றொடரை நீக்கி "ஆள்" என்னும் பொதுச் சொல்லை அவ்விடத்தில் வைத்தது.

இப்பெயர் சூட்டும் வழக்கம் பழையது. 1824ஆம் ஆண்டின் ஆங்கில அலைந்து திரிவோர் சட்டத்திலே இதே சொற்றொடர் உண்டு. பதினேழாண்டு கழித்து, 1841இல், இலங்கைக்கென இயற்றப்பட்ட அலைந்து திரிவோர் கட்டளைச் சட்டம் அதனை ஏறத்தாழ அவ்வாறே எடுத்துக்கொண்டது. லண்டனில் ஒரு காலத்துக்கென எழுதப்பட்ட ஒரு சொல், கப்பலேறிக் கொழும்புக்கும் வந்தது. தமிழ் மரபையும் இங்கே நினைத்துப் பார்க்கலாம். திருவள்ளுவர் 'வரைவின் மகளிர்' என ஓரதிகாரம் வகுத்தார். அவ்வதிகாரம் ஆடவனுக்கு அவளால் நேரும் கேட்டைப் பற்றியது. அவளுக்கு ஆடவனால் நேரும் கேடு நூல்களில் அத்துணை விரிவாகப் பேசப்படவில்லை.

பெயரொன்று எவ்வளவு தீங்கு செய்யும் என்பதை இங்கிலாந்து அறிந்துகொண்டது யோர்க்‌ஷயர் மாநிலத்திலே. 1975ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில் லீட்ஸ் நகரிலே பெண்ணொருத்தி கொலையுண்டாள். அதிலிருந்து 1980ஆம் ஆண்டு முடிவதற்குள் வட இங்கிலாந்தில் பதின்மூன்று பெண்கள் ஒரே கையால் மாண்டனர். மேலும் பலர் தலையிற் பெருங்காயத்தோடு உயிர் தப்பினர். முதலில் இறந்தோரிற் பலர் தெருவில் நின்றவர்கள், அல்லது அவ்வாறு கருதப்பட்டவர்கள். பொலிசார், கொலைஞன் விலைமாதரை மட்டுமே தேடிக் கொல்பவன் என்று முடிவு செய்தனர். அம்முடிவு விசாரணை முழுவதையும் கட்டிப்போட்டது.

1975இலேயே பதினான்கு வயதுப் பள்ளிச் சிறுமியொருத்தி தாக்கப்பட்டுப் பிழைத்தாள். தன்னைத் தாக்கியவனோடு சிறிது தூரம் பேசிக்கொண்டே நடந்தவளாதலால், அவனுடைய அடையாளங்களை அவளால் தெளிவாகக் கூற முடிந்தது. ஆனால் அவள் பள்ளிச் சிறுமி, விலைமாதல்லள். ஆகவே அத்தாக்குதல் இத்தொடரோடு சேர்க்கப்படவில்லை. 1977இல் லீட்ஸ் நகரிலே கடையொன்றில் வேலைசெய்த பதினாறு வயதுப் பெண் கொலையுண்டபோதுதான் நாடு திடுக்கிட்டது. "குற்றமற்ற பெண்" இறந்துவிட்டாள் என்று பத்திரிகைகள் எழுதின. அவளுக்கு முன் இறந்தோர் என்ன குற்றம் செய்து மாண்டனர் என்று அவை கூறவில்லை. 1979இல் உயர் பொலிஸ் அதிகாரியொருவர் வெளிப்படையாகவே பேசினார்: கொலைஞன் விலைமாதரை வெறுப்பவன், பலரும் அவ்வாறே வெறுக்கின்றனர், ஆனால் அவன் இப்போது குற்றமற்ற பெண்களைக் கொல்கின்றான் என்பது அவர் கூற்றின் பொருள். 1981இல் வழக்கு நடந்தபோது, அரசின் சட்டமா அதிபராகிய சேர் மைக்கல் ஹேவர்ஸ், இறந்தோரிற் சிலர் விலைமாதர் அல்லர் என்பதே இவ்வழக்கின் மிகத் துயரமான பகுதியாக இருக்கலாம் என்னும் கருத்துப்படப் பேசினார். நீதிமன்றத்துக்கு வெளியே பெண்கள் கூடி நின்று அதனைக் கண்டித்தனர்.

கொலைஞனாகிய பீற்றர் சட்கிளிஃப் என்னும் லொறிச் சாரதியைப் பொலிசார் ஒன்பது முறை விசாரித்து விட்டுவிட்டிருந்தனர். போலி ஒலிநாடாவொன்றை நம்பி வேறு ஊரிலே தேடியதும் இதற்கொரு காரணம். இறுதியில் 1981 சனவரி 2ஆந் திகதி, ஷெபீல்ட் நகரிலே, பொய்யான இலக்கத்தகடு பூட்டிய வண்டியில் இருந்தவனைச் சாதாரணச் சுற்றுக்காவலர் இருவர் பிடித்தனர். அப்போதும் அவன் வண்டியில் ஒரு பெண் இருந்தாள். அவள் பிழைத்துக்கொண்டாள். ஒரு பகுதி மக்களின் உயிரை மலிவாகக் கருதிய கண், தேடவேண்டிய குறிப்புகளையும் காணாது விட்டது. அதற்கு விலை கொடுத்தோர் எல்லாவகைப் பெண்களும் ஆவர்.

இதே உண்மையை அத்திலாந்திக் சமுத்திரத்துக்கு அப்பால் கொலைஞன் ஒருவனே வாய்விட்டுக் கூறினான். அமெரிக்காவின் சியாற்றில் நகர்ப் பகுதியில் 48 பெண்களைக் கொன்றதாக 2003இல் ஒப்புக்கொண்ட கெரி றிட்ஜ்வே என்பவன், இப்பெண்களைத் தெரிந்துகொண்டதற்குக் காரணம் அவர்கள் காணாமற்போனால் எவரும் உடனே முறையிடமாட்டார் என்பதே என்றான். அவ்வாண்டு முதல் திசெம்பர் 17ஆந் திகதி பாலியல் தொழிலாளர்மீதான வன்முறைக்கு எதிரான நாளாகப் பல நாடுகளிற் கொள்ளப்பட்டு வருகிறது. "பாலியல் தொழிலாளர்" என்னும் இச்சொல்லைச் சிலர் ஏற்பர், சிலர் ஏற்கார். பழைய பெயர்களைப் போல் அது ஒழுக்கத் தீர்ப்பைச் சுமந்து வராதது என்பதும், இத்தொழிலில் ஆடவரும் உளர் என்பதை மறையாதது என்பதும் அதன் நன்மைகள்.

இனி லிவர்ப்பூலுக்கு வரலாம். இந்நகருக்கு இவ்விடயத்தில் ஒரு பழைய தொடர்பு உண்டு. ஜோசபின் பட்லர் என்னும் அம்மையார் 1866இல் அங்கே குடிவந்தார். அவருடைய கணவர் லிவர்ப்பூல் கல்லூரியின் அதிபராக நியமனம் பெற்றிருந்தார். சில ஆண்டுகளுக்கு முன் தம் ஒரே மகளை இழந்த துயரத்தோடு வந்த அம்மையார், நகரின் வறியோர் விடுதிக்குச் சென்றார். அங்கே நிலவறையில் பெண்கள் பழங்கயிற்றைப் பிரித்து நாராக்கிக்கொண்டிருந்தனர். அவரும் அவர்களோடு தரையில் அமர்ந்து கயிறு பிரித்தார். தெருவில் நின்றவர்களும் நோயுற்றவர்களும் அவர்களிடையே இருந்தனர். சிலரை அவர் தம் வீட்டுக்கே அழைத்துச் சென்று பராமரித்தார். கல்லூரி அதிபரின் வீட்டில் இத்தகையோர் தங்குவதை அக்காலத்து மாணவரின் பெற்றோர் எவ்வாறு நோக்கினர் என்பதை ஊகித்தறிய வேண்டியதுதான்.

1864, 1866, 1869 ஆகிய ஆண்டுகளில் இயற்றப்பட்ட தொற்றுநோய்ச் சட்டங்களை எதிர்த்து அவர் நடத்திய போராட்டமே அவருக்குப் பெயர் தந்தது. படை தங்கிய ஊர்களிலே எந்தப் பெண்ணையும் விலைமகள் எனப் பொலிசார் சந்தேகித்தால், அவளை வலிந்து உடற்பரிசோதனைக்கு உட்படுத்த அச்சட்டங்கள் இடங்கொடுத்தன. ஆடவருக்குப் பரிசோதனை இல்லை. 1886இல் அவை நீக்கப்பட்டன. அம்மையார் இத்தொழிலை நன்றென்று கூறியவரல்லர். சமயப் பற்று மிக்கவர். தொழிலைத் தீதென்று கருதும் ஒருவர், அதைச் செய்பவளின் உடலுக்கு நேரும் அநீதியைப் பொறுக்க வேண்டியதில்லை என்பதற்கு அவர் வாழ்வே சான்று.

அவர் வாழ்ந்த நகரிலே ஏறத்தாழ ஒன்றேகால் நூற்றாண்டு கழிந்த பின்னும் பெண்கள் தெருவில் நின்றனர், பலர் போதைப்பொருளுக்கு அடிமையானவர், பலருக்கு வீடில்லை. 2003இல் இருவர் கொலையுண்டு, உடல் துண்டிக்கப்பட்ட நிலையிற் கண்டெடுக்கப்பட்டனர். 2005இல் இன்னொருத்தி கொலையுண்டாள். மாநகர சபை கலங்கியது. குடியிருப்புகளிலிருந்து விலகிய ஓரிடத்தை ஒதுக்கி, வெளிச்சமும் காவலும் வைத்திய உதவியும் அமைத்து, அங்கே நிற்போரைக் கைதுசெய்யாது விடலாம் என்னும் திட்டத்தைச் சபை ஆதரித்து, அரசின் அனுமதியை நாடியது. 2006 சனவரியில் உள்நாட்டமைச்சு வெளியிட்ட கொள்கை இத்தகைய இடங்களை ஏற்க மறுத்தது. பெரும்பாலான நகரங்களில் கதை இத்துடன் முடிந்திருக்கும். கோப்பு அலுமாரிக்குச் சென்றிருக்கும்.

லிவர்ப்பூலை உள்ளடக்கிய மேர்சிசைட் பகுதியின் பொலிஸ் படை, பேர்னாட் ஹோகன்-ஹவ் என்பார் அதன் தலைவராயிருந்த காலத்தில், தன் அதிகாரத்துக்கு உட்பட்ட ஒரு காரியத்தைச் செய்தது. பாலியல் தொழிலாளர்மீது இழைக்கப்படும் குற்றங்களை "வெறுப்புக் குற்றம்" என்னும் வகையிற் சேர்த்து நடத்துவதென 2006இல் முடிவு செய்தது. இங்கிலாந்தில் இவ்வாறு செய்த முதற் பொலிஸ் படை அதுவே.

வெறுப்புக் குற்றம் என்பது யாது? 1993இல் லண்டன் மாநகரில் ஸ்டீபன் லோரன்ஸ் என்னும் கறுப்பின இளைஞர் நிறவெறியாற் கொலையுண்டார். அவ்விசாரணையைப் பொலிசார் பாழாக்கியமை பற்றி ஆராய்ந்த மக்பேர்சன் அறிக்கை 1999இல் வெளிவந்தது. பாதிக்கப்பட்டவரோ வேறொருவரோ இது இனவெறியால் நிகழ்ந்தது என்று கருதினால், பொலிசார் அதனை அவ்வாறே பதிவுசெய்து விசாரிக்க வேண்டும் என்றது அவ்வறிக்கை. இன்ன சிலரை அவர் இன்னார் என்பதற்காகவே தாக்குவோர் உளர். அவர்களைச் சாதாரண அடிபிடியோடு ஒன்றாகக் கருதலாகாது என்பதே இதன் அடிப்படை. இனம், சமயம், பாலியல் நாட்டம், உடல் உளக் குறைபாடு, திருநர் நிலை ஆகிய ஐந்தும் நாடு முழுவதிலும் இவ்வகையில் அமைந்தன. இவற்றோடு தம் பகுதிக்கு வேண்டிய வேறு வகைகளைச் சேர்த்துக்கொள்ள ஒவ்வொரு பொலிஸ் படைக்கும் இடமுண்டு. அந்தச் சிறு வாயிலினூடாகவே மேர்சிசைட் புகுந்தது.

இதற்கு மறுப்புகள் எழாமலில்லை. தாக்குவோர் எல்லாரும் வெறுப்பினாலா தாக்குகின்றனர், எளிதில் அகப்படுபவள் என்பதனால் அன்றோ என்று கேட்டனர் சிலர். இனத்தைப் போலத் தொழிலும் ஒருவரது அடையாளம் ஆகுமா என்றனர் வேறு சிலர். இவை அறிஞர் சபையில் விவாதிக்கத் தக்க வினாக்கள். ஆனால் அப்பெயரால் விளைந்தது யாதெனின், இத்தகைய முறைப்பாடு வரும்போது அதன்மேல் ஒரு குறி இடப்பட்டது. குறி இடப்பட்ட கோப்பை மேலதிகாரி பார்க்க வேண்டியதாயிற்று. வெறுப்புக் குற்றங்களிற் பயிற்சி பெற்ற உத்தியோகத்தர் கையில் அது சென்றது. மேசையில் இருந்த இளம் காவலருக்கு முதல் வினாவை மாற்றிக் கேட்குமாறு கட்டளை பிறந்தது. அதுவரை அவர் தம் மனப்போக்கின்படி கேட்டுவந்தார்.

கட்டளை மட்டும் போதியதன்று. பல ஆண்டு அடிபட்ட ஒருத்தி, பொலிசார் மாறிவிட்டனர் என்று பத்திரிகையிற் படித்து எழுந்து வரமாட்டாள். நடுவிலே அவள் நம்பும் ஒருவர் வேண்டும். அரசாங்கச் சுகாதாரச் சேவையின் கீழ், ஆமிஸ்டெட் என்னும் பெயரால் ஓர் உதவி நிலையம் லிவர்ப்பூலில் நடைபெற்றது. அதன் ஊழியர் இரவிலே தெருவுக்குச் சென்று பெண்களைச் சந்தித்தனர்; ஆணுறை கொடுத்தனர்; வைத்தியத்துக்கும் தங்குமிடத்துக்கும் வழி காட்டினர். பிரசங்கம் செய்யவில்லை. எவள் எப்போது இத்தொழிலை விட விரும்பினாலும் உதவினர், விரும்பாதவளுக்கும் உதவினர்.

இந்நிலையத்தினூடாக ஒரு துண்டுப்பிரசுரமும் வழங்கப்பட்டது. "அக்லி மக்ஸ்" என்பர் ஆங்கிலத்தில். விகார முகங்கள் என்று தமிழிற் கூறலாம். தாக்கியவனுடைய தோற்றம், பேச்சின் சாயல், வண்டியின் நிறம், இலக்கம் முதலியன அதில் இருக்கும். ஒருத்தி பட்டதை மற்றவள் அறிந்து விலகிக்கொள்வதற்கான ஏற்பாடு இது. அவுஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்துப் பெண்கள் 1980களில் தாமே தொடங்கிய முறை அது. பெயரைச் சொல்லாமலே ஒருத்தி விவரங்களைக் கொடுக்கலாம். அவளுடைய இசைவிருந்தால் மட்டுமே முழு முறைப்பாடும் பொலிசாருக்குச் செல்லும். இந்த இசைவு என்னும் நிபந்தனை சிறிதாகத் தோன்றும். நம்பிக்கை வளர்ந்தது அதனால்தான். 2012இல் இம்முறை பிரித்தானியா முழுவதற்கும் ஒரே அமைப்பாக விரிந்தது.

மூன்றாவதாக, பாலியல் வன்முறைக்கு ஆளானோருக்கான தனி ஆலோசகர் ஒருவர், இப்பெண்களுக்கென்றே நியமிக்கப்பட்டார். அவர் பொலிஸ் உத்தியோகத்தர் அல்லர். வல்லுறவுக்கு ஆளானவள் வாக்குமூலம் கொடுக்கும் நாள் முதல் தீர்ப்பு வரும் நாள் வரை அவளோடு நிற்பதே அவர் கடமை. இங்கிலாந்தில் இத்தகைய வழக்கு நீதிமன்றத்துக்கு வர மாதங்கள் பல செல்லும். வீடில்லாத, போதைப்பொருளை விட முடியாத ஒருத்தி, அத்தனை மாதம் கழித்து ஒரு காலைப் பொழுதில் சாட்சிக் கூண்டில் ஏறி நின்று, எதிர்த்தரப்புச் சட்டத்தரணியின் வினாக்களுக்கு விடை கூற வேண்டும். அவள் எங்கே இருக்கிறாள் என்று அறிந்து வைப்பதே ஒரு முழு வேலை. பல ஊர்களில் இத்தகைய வழக்குகள் தோற்பது சாட்சியம் பொய்யென்பதால் அன்று. சாட்சி வந்து சேராததால்.

பலன் யாது? 2010ஆம் ஆண்டில் மேர்சிசைட்டில் பாலியல் தொழிலாளர் முறையிட்ட வல்லுறவு வழக்குகளுள் நூற்றுக்கு 67 தண்டனையில் முடிந்தன என்னும் கணக்கு அடிக்கடி எடுத்துக்காட்டப்படுகிறது. நாடு முழுவதற்கும் நூற்றுக்கு 6.5 என்னும் கணக்கை அதன் பக்கத்தில் வைத்து வியப்போரும் உளர். இங்கே நிதானம் வேண்டும். முறைப்பாடு செய்யப்பட்ட நாளிலிருந்து எண்ணுவதும், நீதிமன்றம் ஏறிய வழக்குகளிலிருந்து எண்ணுவதும் ஒன்றல்ல. ஓராண்டில் ஒரு பகுதியில் நடந்த வழக்குகளின் தொகையும் சிறிது. பத்து மடங்கு நீதி கிடைத்தது என்று பறைசாற்றுவது கணக்கறியாதார் செயல். கூறத்தக்கது ஒன்றுண்டு: இத்தகைய பெண்ணின் சாட்சியத்தை ஆங்கில நடுவர் குழு நம்பாது என்று சட்டத்தரணிகளே கூறிவந்தனர், லிவர்ப்பூலில் நடுவர் குழுக்கள் நம்பின.

குறைகளையும் கூறுதல் வேண்டும். தெருவில் நிற்பதைக் குற்றமாக்கும் சட்டம் அப்படியே இருந்தது. குடியிருப்பாளர் முறையிட்ட வேளைகளிற் பொலிசார் அச்சட்டத்தைப் பயன்படுத்தவும் செய்தனர். ஒரே சீருடை ஒரு நாள் பாதுகாப்பதும் மறுநாள் கைதுசெய்வதும் எவருக்கும் குழப்பமே. மேலும், ஐந்து தேசிய வகைகளில் அடங்கிய குற்றங்களுக்கு நீதிபதி தண்டனையைக் கூட்ட வேண்டும் என்று சட்டம் உண்டு. பொலிசார் தாமே சேர்த்த வகைக்கு அந்த ஆதரவில்லை. இதனினும் பெரிய குறை, இவ்வேற்பாடு ஆட்களைப் பொறுத்து நிற்பது. தலைவர் மாறினால், நிதி குறைந்தால், அனுபவமுள்ள ஆலோசகர் வேறிடம் சென்றால் அது தளரும். சட்டத்துக்கு உள்ள உறுதி கட்டளைக்கு இல்லை.

வேறு நகரங்கள் வேறு வழிகளில் முயன்றன. கிழக்கு இங்கிலாந்தின் இப்ஸ்விச் நகரில் 2006இன் இறுதியில் சில வாரங்களுக்குள் ஐந்து பெண்கள் கொலையுண்டனர். அந்நகரின் சபைகளும் பொலிசாரும் சுகாதாரத் துறையினரும் ஒன்றுகூடி, தெருவில் இத்தொழிலே இல்லாமற் செய்வதென முடிவு செய்தனர். விலை பேச வரும் ஆடவரை இடைவிடாது கைதுசெய்தனர்; ஒவ்வொரு பெண்ணுக்கும் தனித்தனியே வீடு, மருத்துவம், வருமானம் என வழி தேடினர். தெருவில் நிற்போர் தொகை பெரிதும் குறைந்தது. ஆளுக்கொரு திட்டம் வகுக்க இப்ஸ்விச் போன்ற சிறிய நகரில் முடியும்; நூற்றுக்கணக்கானோர் உள்ள நகரில் அது எளிதன்று.

லீட்ஸ் நகரமோ லிவர்ப்பூலுக்கு மறுக்கப்பட்டதைத் தானே செய்து பார்த்தது. 2014 ஒக்டோபரில் ஹோல்பெக் என்னும் தொழிற்சாலைப் பகுதியில், குறித்த இரவு நேரத்தில் தெருவில் நிற்போரைக் கைதுசெய்வதில்லை என மாநகர சபையும் பொலிசாரும் உடன்பட்டனர். பெண்கள் பொலிசாரோடு பேசத் தொடங்கினர். ஆனால் 2015 திசெம்பரில், அதே பகுதியில் இருபத்தொரு வயதுப் பெண்ணொருத்தி அடித்துக் கொல்லப்பட்டாள். அண்மையில் வாழ்ந்த மக்கள், தம் பிள்ளைகள் பள்ளிக்குச் செல்லும் வழியிற் காணலாகாதவற்றைக் காண்கின்றனர் என்று முறையிட்டனர். அவர்களைக் கடின மனத்தினர் என்று ஒதுக்குவது நியாயமன்று. வசதியுள்ளோர் வாழும் பகுதியில் இத்தகைய சோதனையை எவரும் செய்வதில்லை என்பதும் உண்மை. 2021 சூனில் அவ்வேற்பாடு முடிவுக்கு வந்தது. ஓரிடத்தை ஒதுக்கும் கொள்கைக்கு அந்த இடத்து மக்களின் இசைவு தேவை. லிவர்ப்பூலின் கட்டளைக்கு எவருடைய தெருவும் தேவைப்படவில்லை. அதன் வலிமை அதுவே எனலாம்.

லிவர்ப்பூலைப் பின்பற்றிய பொலிஸ் படைகள் மிகச் சிலவே. பன்னிரண்டாண்டு கழித்து, 2018இல், வட யோர்க்‌ஷயர் பொலிஸ் படை இத்தகைய குற்றங்களை வெறுப்புக் குற்றமாகக் கொள்ள முடிவு செய்தது.

அதன் அயலாகிய மேற்கு யோர்க்‌ஷயரே முன்பு பதின்மூன்று கொலைகளை விசாரித்த படை. 2020 நவம்பரில் சட்கிளிஃப் காவலில் இருந்தவாறே இறந்தான். அன்று, 1975இல் தாயை இழந்தபோது ஐந்து வயதினராயிருந்த மகனொருவர், தம் தாயைப் பற்றி அக்காலத்திற் பேசப்பட்ட சொற்களுக்காகப் பொலிசார் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றார். கொலையுண்டோரைக் குறித்துத் தம் படை கையாண்ட மொழிக்காகவும் தொனிக்காகவும் பொலிஸ் தலைவர் அவர்களுடைய குடும்பத்தினரிடம் மன்னிப்புக் கேட்டார்.